செகண்ட் ஹேண்ட் ஆர்எக்ஸ்-ஸெட்: சூடானதும் பவர் விழுது, ஏத்தத்துல சுத்தமா செத்துடுது

பாலம்தாண்டி | பிறை | திங்கள் இரவு 10.40

வணக்கம் எல்லாருக்கும். வீடு பிறையில, வேலை பாலம் தாண்டி பினாங்குத் தீவுல, பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில. போன மாசம் யமஹா ஆர்எக்ஸ்-ஸெட் மோட்டார்சைக்கிள் ஒன்னு செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். எக்ஸோஸ்ல புகையைச் சுத்தம் பண்ற கேட்டலைசர் வர்றதுக்கு முந்தின மாடல், 7,800 வெள்ளி (ரிங்கிட்). சின்ன வயசுல எங்க தோட்டத்து லைன் வீட்டுல ஒரே ஒருத்தர்கிட்டதான் இந்த மோட்டார் இருந்துச்சு. அந்தச் சத்தம் கேட்டா விளையாட்டை விட்டுட்டு ரோட்டுக்கு ஓடுவோம். அதனால மனசு விட்டு வாங்கிட்டேன்.

பிரச்சினை என்னன்னா, காலையில ஒரே கிக்ல ஸ்டார்ட் ஆகும். முதல் பத்து நிமிஷம் அருமையா இழுக்கும். பாலத்துல நடுவுல மேல ஏறுற இடம் வந்ததும் எதிர்க்காத்து அடிச்சா 70ல போனது 60, 55ன்னு தானா இறங்குது. திராட்டலை முழுசா முறுக்கினாலும் ஒன்னும் இல்ல. ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரியை ஏத்திக்கிட்டு பாயா தெருபோங் வழியா ஜாலான் துன் சார்டோன்ல பாலிக் பூலாவ் போனேன். பாதி மலை ஏறுறதுக்குள்ள ரெண்டாவது கியர்லகூட இழுக்கல. ஓரமா நிறுத்தி அஞ்சு நிமிஷம் விட்டா திரும்பவும் போகுது, கொஞ்ச தூரத்துல மறுபடி விழுது. பாலிக் பூலாவ்ல இறங்கி எண்ணெய் (பெட்ரோல்) ஊத்திட்டுத் திரும்பி வர்றப்ப மட்டும் நல்லா ஓடுச்சு. ஏன்னு புரியல.

வாங்கின கடையில கேட்டா "கார்ப் (கார்புரேட்டர்) டியூன் பண்ணா சரியாயிடும்"னு ரெண்டு தடவை டியூன் பண்ணிக் குடுத்தாங்க. மாற்றமே இல்ல. இப்ப பிஸ்டன் மாத்தணும், 900 வெள்ளி ஆகும்னு சொல்றாங்க. மாத்தலாமா?

செந்தூல்135 | கோலாலம்பூர் | திங்கள் இரவு 11.15

பாஸ், பிளக்கைக் கழட்டிப் படம் போடுங்க. எக்ஸோஸ் ஒரிஜினலா, மாத்தினதா? பழைய டூ ஸ்ட்ரோக்ல முக்கால்வாசி எக்ஸோஸ் அடைப்புதான். கரி கட்டி உள்ளே ஓட்டை சின்னதாயிடும், புகை வெளியே போக முடியாம இஞ்சின் மூச்சுத் திணறும். என்னோடதுல சைலன்சர் உள்குழாயைக் கழட்டி எரிச்சுச் சுத்தம் பண்ணதும் புது மோட்டார் மாதிரி ஆயிடுச்சு. ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்கிட்டு, கார்ப்ல நேரா மாட்டுற பாட் ஃபில்டர் போட்டிருக்காங்களான்னும் பாருங்க. அப்படி மாட்டினா, கார்ப்ல எண்ணெய் அளவை முடிவு பண்ற ஜெட்டையும் மாத்தியே ஆகணும்.

பழையபட்டறை | நிபோங் திபால் | செவ்வாய் காலை 6.20

தம்பி, பிஸ்டன் இப்ப வேணாம். அளந்து பார்க்காம ஒரு சாமானும் வாங்காதீங்க. 30 வருஷமா இதைத்தான் எல்லார்கிட்டயும் சொல்றேன்.

செந்தூல் தம்பி சொன்ன எக்ஸோஸ் அடைப்பு உண்மைதான். ஆனா அடைச்ச எக்ஸோஸ் காலையிலயும் அடைச்சுதான் இருக்கும். குளிர்ந்திருக்கும்போது நல்லா இழுத்து சூடானதும் விழுதுன்னா வேற இடத்துல தேடணும். மூனு விஷயம் கேக்குறேன்.

பவர் விழும்போது எப்படி விழுது? டக்குனு வெட்டி வெட்டி முக்குதா, இல்ல மெதுவா மூச்சு அடங்குற மாதிரி இறங்குதா? வெட்டினா பிளக்குக்குப் போற கரண்டுல கோளாறு. மேக்னட்ல இருக்கிற சோர்ஸ் காயில், பிக்கப் காயில், அப்புறம் பிளக்குக்குப் பொறி குடுக்கிற சிடிஐ பெட்டி இதெல்லாம் சூட்டுல கெட்டா அப்படித்தான் வெட்டும். மெதுவா அடங்கினா பெரும்பாலும் எண்ணெய் பத்தல.

ரெண்டாவது, பவர் விழுற அந்த நேரத்துல, ஓட்டிக்கிட்டே சோக்கை (காத்தைக் குறைச்சு எண்ணெயைக் கூட்டுற லீவர்) பாதி இழுத்துப் பாருங்க. சட்டுனு பவர் ஏறினா இஞ்சின் எண்ணெய்க்கு ஏங்குதுன்னு அர்த்தம். இன்னும் மோசமானா எண்ணெய் ஏற்கெனவே ஜாஸ்தி. காசு செலவில்லாத சோதனை, அஞ்சு செகண்ட் வேலை. இதைச் செய்யாம கார்ப்பைக் கழட்டுறவன் ஃபோர்மேனே (மெக்கானிக்) இல்ல.

மூனாவது, சூடா இருக்கும்போது டிராஃபிக் லைட்ல திராட்டலை விட்டு நிறுத்தினா, இஞ்சின் ஐடில் வேகத்துக்கு உடனே இறங்குதா, இல்ல மேலேயே தொங்குதா?

இன்னொன்னு, முக்கியமா: பதில் தெரியுற வரைக்கும் முழு திராட்டல்ல ஓட்டாதீங்க. எண்ணெய் குறைஞ்சு ஓடுற டூ ஸ்ட்ரோக் பிஸ்டனைக் கடிச்சிடும். பாலத்து நடுவுல பின்சக்கரம் ஜாம் ஆனா பின்னாடி லோரி வரும். மூச்சு அடங்குற மாதிரி தெரிஞ்சா உடனே கிளச்சைப் பிடிச்சு ஓரம் வந்துடுங்க.

தீவுக்காரி | ஆயர் ஈத்தாம் | செவ்வாய் மதியம் 1.05

தம்பி, உங்கள் பதிவில் ஒரு வரி எனக்கு இடிக்கிறது. எண்ணெய் ஊற்றிய பிறகு மட்டும் நன்றாக ஓடியது என்கிறீர்கள். எண்ணெய் ஊற்றும்போது டேங்க் மூடியைத் திறக்கிறோம் இல்லையா? மூடியில் காற்று போகிற சின்ன ஓட்டை அடைத்திருந்தால், எண்ணெய் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, கீழே இறங்க வேண்டிய எண்ணெய் இறங்காது. மூடியைத் திறந்ததும் காற்று உள்ளே போய்ச் சரியாகிவிடும். அப்பாவின் மோட்டாரில் எனக்கு இதே அனுபவம். அவர் போன பிறகு நாலு வருடம் வெளியே நின்ற மோட்டார், மூடி ஓட்டையில் துரு. அதைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் அலைந்தேன்.

அடுத்த முறை பவர் விழுந்தால் நிறுத்தி மூடியை மட்டும் திறந்து காதை வைத்துக் கேளுங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுக்கும்.

பாலம்தாண்டி | செவ்வாய் இரவு 9.50

அக்கா, அண்ணே, ரெண்டு பேருக்கும் நன்றி. வேலை முடிஞ்சு வர்றப்ப செஞ்சு பார்த்தேன்.

மெதுவாத்தான் அடங்குது, வெட்டல. சோக்கைப் பாதி இழுத்ததும் யாரோ பின்னாலேருந்து தள்ளின மாதிரி போச்சு! பாலம் தாண்டினதும் ஓரமா நிறுத்தி மூடியைத் திறந்தேன். ரோட்டுச் சத்தத்துலயும் அந்த "உஸ்" நல்லாவே கேட்டுச்சு. மூடி ஒரிஜினல் இல்ல, வித்தவங்க புதுசா பளபளன்னு ஒன்னு போட்டிருக்காங்க.

ஐடில் விஷயமும் நீங்க கேட்ட மாதிரிதான் அண்ணே. சூடானப்புறம் திராட்டலை விட்டா மூனாயிரம் ஆர்பிஎம்ல கொஞ்ச நேரம் தொங்கிட்டு அப்புறம்தான் இறங்குது. டூ ஸ்ட்ரோக்னா அப்படித்தான்னு நினைச்சு எழுதாம விட்டுட்டேன்.

பழையபட்டறை | புதன் காலை 6.10

அப்ப ரெண்டு வியாதி தம்பி, எண்ணெய் பத்தாதது ஒன்னு, ஐடில் தொங்குறது இன்னொன்னு. ஒன்னு ஒன்னா பார்ப்போம். ரெண்டையும் ஒரே நாள்ல தொட்டா எது எதைச் சரி பண்ணுச்சுன்னு தெரியாது.

முதல்ல எண்ணெய். கார்ப்புக்குப் போற டியூபைக் கழட்டி, அளவு போட்ட குவளையில விடுங்க. பால் புட்டிகூடப் போதும். கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம். டேங்க் மூடியை மூடி ஒரு தடவை, திறந்து ஒரு தடவை. மூடி வச்சு அளக்கிறப்ப அஞ்சு நிமிஷமாவது விட்டு, கடைசி நிமிஷத்தை மட்டும் அளங்க. வெற்றிடம் கட்ட நேரம் ஆகும். வெளியில வச்சுச் செய்யுங்க, கிட்ட சிகரெட் வேணாம். இந்த இஞ்சின் முழு திராட்டல்ல நிமிஷத்துக்கு 150 மில்லி கிட்ட குடிக்கும். அதுக்கு ரெண்டு மடங்கு இறங்கினாத்தான் நிம்மதி.

கார்ப்போட கிண்ணத்துல இருக்கிற எண்ணெய் சமதளத்துல கொஞ்ச நேரம் தாங்கும். மலையில காலியாயிடும். அஞ்சு நிமிஷம் நின்னா கிண்ணம் நிரம்பிடும், திரும்பப் போகும். நீங்க சொன்ன கதை முழுக்க இதுலதான் இருக்கு.

வடகுளிர் | கனடா, சொந்த ஊர் பட்டர்வொர்த் | புதன் காலை 8.30

இங்கே ஆல்பர்ட்டாவில் நான் பனியில் ஓட்டும் பழைய ஸ்னோமொபைல் ஒன்றை வைத்துப் போராடிக்கொண்டிருக்கிறேன். அதுவும் டூ ஸ்ட்ரோக்தான். வாசித்தால் அப்படியே என் கதை. பவர் போச்சு என்று ஆளாளுக்குப் பெரிய ஜெட் போடச் சொன்னார்கள். கடைசியில் பார்த்தால் கார்ப்புக்கும் இஞ்சினுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் பூட் வெடித்திருந்தது. கையால் வளைத்தால்தான் கீறல் தெரிந்தது. ஸ்னோமொபைலில் இன்னொரு தொல்லை உண்டு. கியர் கிடையாது, பெல்ட்டும் இரண்டு புல்லியும்தான். பெல்ட் தேய்ந்தால்கூட இஞ்சின் பவர் போன மாதிரியே இருக்கும். உங்கள் மோட்டாரில் அதற்குச் சமம் கிளச். ஏற்றத்தில் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளச் வழுக்குகிறது என்று பொருள்.

ஒரு வேண்டுகோள். குளிர் நாட்டுக்காரர்கள் போடும் ஜெட் நம்பரைப் பார்த்துக் காப்பி அடிக்காதீர்கள். இங்கே மைனஸ் 20 டிகிரியில் காற்று அங்குள்ள 33 டிகிரிக் காற்றைவிட சுமார் 20 விழுக்காடு அடர்த்தி. அதற்கு ஏற்ற எண்ணெயைப் பினாங்கில் ஊற்றினால் பிளக் நனைந்து போகும்.

செந்தூல்135 | புதன் மதியம் 12.40

வடகுளிர் சொல்றது சரி. நானும் ஒரு தடவை கெந்திங் மலை மேல ஏறுறப்ப பவர் குறையுதுன்னு அங்கேயே ஸ்க்ரூவைத் திருகினேன். அந்த உயரத்துல காத்தே ஏறக்குறைய ஆறுல ஒரு பங்கு கம்மி, எந்த இஞ்சினும் குறையத்தான் செய்யும். கீழே கோம்பாக் வந்ததும் ரிங் கடிச்சிருச்சு. மலை உச்சியில வச்சு டியூன் பண்ணாதீங்க.

பாலம்தாண்டி | வியாழன் இரவு 10.25

அளந்தாச்சு. மூடி மூடியிருக்கும்போது அஞ்சாவது நிமிஷத்துல 40 மில்லிதான் வருது, அதுவும் நூல் மாதிரி. திறந்தா 130. ரெண்டுமே பத்தாதுன்னு டேங்குக்குக் கீழ இருக்கிற எண்ணெய் டேப்பைக் (குழாய்) கழட்டினேன். உள்ளே இருக்கிற வலை முழுக்கச் செங்கல் பொடி மாதிரி துரு. விரல் வச்சுத் தேச்சா மாவா வருது. வலையைச் சுத்தம் பண்ணி, டேங்கைக் கழுவி, கடையில பழைய ஒரிஜினல் மூடி ஒன்னு 35 வெள்ளிக்கு வாங்கிப் போட்டேன். இப்ப மூடி மூடியிருக்கும்போதே 320 மில்லி.

இன்னிக்குப் பாலத்துல எதிர்க்காத்துல 70ல நிலையா வந்தேன். மனசு நிறைஞ்சிருக்கு. கம்ப்ரஷன் பார்த்தப்ப திராட்டல் முழுசா திறந்து கிக் பண்ணதுல 105 பிஎஸ்ஐ. ஐடில் மட்டும் இன்னும் தொங்குது. இத விட்டுடலாமா?

பழையபட்டறை | வெள்ளி காலை 6.05

விடாதீங்க. அதுதான் பெரிய வியாதி.

டூ ஸ்ட்ரோக்ல பிஸ்டனுக்குக் கீழ இருக்கிற பெட்டி, அதாவது கிராங்க்கேஸே ஒரு பம்பு. பிஸ்டன் மேல போகும்போது கார்ப்லேருந்து காத்தையும் எண்ணெயையும் கீழே இழுக்கும், இறங்கும்போது அதை மேல தள்ளும். அந்தப் பெட்டியில ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் கார்ப் வழியா வராத வெறும் காத்து உள்ளே போகும். கிராங்க் ரெண்டு பக்கமும் காத்து கசியாம தடுக்கிற ரப்பர் சீல் இருக்கு. கிளச் பக்கம் வலது சீல் போனா கியர் ஆயிலை இழுக்கும். வெள்ளைப் புகை வரும், கியர் ஆயில் குறையும், பிளக் நனையும். அதைக் கண்ணாலயே பிடிக்கலாம். மேக்னட் பக்கம் இடது சீல் போனா புகையும் இல்ல, ஒழுகலும் இல்ல, ஐடில் மட்டும் தொங்கும். அதனாலதான் அது ஆபத்து. ரப்பர் சூட்டுல இளகினா ஓட்டை பெரிசாகும்.

இப்ப எனக்கு ஒரு சந்தேகம். மெயின் ஜெட்டைக் கழட்டி நம்பர் பாருங்க. யாரோ பெரிய ஜெட் போட்டு இந்த ஓட்டையை மறைச்சிருப்பாங்க. ஜெட்டால காத்து ஓட்டையைச் சரி பண்ண முடியாது. திராட்டல் ஒரு இடத்துல சரியா இருக்கும், இன்னொரு இடத்துல எண்ணெய் குறைஞ்சு வறண்டு ஓடும். வறண்ட இடத்துல பிஸ்டன் போயிடும்.

2டிக்கு (டூ ஸ்ட்ரோக் இஞ்சின் ஆயில்) பம்பு இருக்கா, இல்ல பெட்ரோல்ல கலந்து ஊத்துறீங்களா? கலக்குறதா இருந்தா பாதுகாப்புன்னு நினைச்சு 2டியை அதிகமா ஊத்தாதீங்க. ஒரே ஜெட் வழியாத்தானே ரெண்டும் போகணும்? 2டி கூடினா பெட்ரோல் குறையும், இன்னும் வறண்டுதான் ஓடும்.

சனிக்கிழமை பட்டறைக்குக் கொண்டு வாங்க. கூலி வேணாம், சாமான் காசு மட்டும் போதும்.

பாலம்தாண்டி | ஞாயிறு இரவு 11.30

நேத்து காலையில நிபோங் திபால் போனேன். அண்ணன் முதல்ல பசியாறச் சொன்னார், தோசை சாப்பிட்டுட்டுத்தான் மோட்டாரைத் தொட்டார். படிக்கிறவங்களுக்கு உதவும்னு விவரமா எழுதுறேன்.

மெயின் ஜெட் ஸ்டாண்டர்டை விட ரெண்டு அளவு பெரிசு. அண்ணன் சொன்ன மாதிரியே மறைச்சுதான் வச்சிருக்காங்க. 2டி பம்பு இருக்கு, வேலை செய்யுது, கேபிள் குறி மட்டும் தள்ளியிருந்துச்சு, சரி பண்ணார்.

அப்புறம் செஞ்சதை நான் வாழ்க்கையில பார்த்ததில்ல. எக்ஸோஸைக் கழட்டி அந்த வாயில ரப்பர் தக்கையை வச்சு இறுக்கினார். கார்ப்பைக் கழட்டி அந்தப் பக்கம் சைக்கிள் டியூப் துண்டைப் போட்டுக் கட்டினார். அலமாரியிலேருந்து என்ன எடுத்தார் தெரியுமா? கிளினிக்ல ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி! அந்தக் கைப்பந்தை அமுக்கி இஞ்சினுக்குள்ள காத்து ஏத்தி, மீட்டர்ல 300 வந்ததும் நிறுத்தினார். அது கிட்டத்தட்ட 6 பிஎஸ்ஐ, இந்த வேலைக்குச் சரியான அளவாம். சீல் நல்லா இருந்தா பல நிமிஷம் முள் நின்ன இடத்துலயே நிக்கணும். என்னோடதுல கண்ணு முன்னாடி இறங்குச்சு. ஒரு நிமிஷத்துல 120க்கு வந்துடுச்சு.

மேக்னட்டை புல்லர் போட்டுத்தான் எடுத்தார். சுத்தியால தட்டினா கிராங்க் வளையும்னு சொன்னார். பின்னாடி சோப்புத் தண்ணியை பிரஷ்ல தடவி மறுபடி காத்து ஏத்தினதும் இடது சீல் ஓரத்துல நுரை பொங்கி வந்துச்சு. சின்னச் சின்னக் குமிழி, வரிசையா. மூனு வாரமா என்னைத் தூங்க விடாத பிரச்சினையைக் கண்ணால பார்த்த மாதிரி இருந்துச்சு.

ஒரு சீல் போனா இன்னொன்னும் அதே வயசுதான்னு கேஸை முழுசா பிரிச்சார். ரெண்டு சீல், ரெண்டு கிராங்க் பேரிங் புதுசு. பிளாக்கைத் தூக்கினப்ப பிஸ்டன்ல எக்ஸோஸ் பக்கம் நீளமா நாலு கீறல், வறண்டு ஓடினதுக்கு அடையாளம். ஸ்டாண்டர்ட் போர் (சிலிண்டர் உள்விட்டம்) 56 மில்லிமீட்டர். இதுல 56.50 பிஸ்டன் இருக்கு. முன்னாடியே பெரிசாக்கியிருக்காங்க, அதையும் எங்கிட்ட சொல்லல. சிலிண்டரைக் கடைஞ்சு பெரிசாக்க (போர் போட) அனுப்பியிருக்கோம், அடுத்த அளவு 56.75.

கடைசியில பிஸ்டன் மாத்தத்தான் வேண்டியிருந்துச்சு. ஆனா கடைக்காரங்க சொன்னப்பவே மாத்தியிருந்தா, அதே ஓட்டை சீலோட, அதே அடைச்ச மூடியோட புதுப் பிஸ்டனும் ஒரு மாசத்துல கடிச்சிருக்கும்.

தீவுக்காரி | திங்கள் காலை 7.45

படித்ததும் கண் கலங்கியது. அப்பா பட்டறையில் உட்கார்ந்து பார்த்தது நினைவுக்கு வந்தது. கேஸ் பிரித்திருக்கும்போதே, கார்ப் பக்கம் காற்று உள்ளே வருகிற வழியில் இதழ் மாதிரி இருக்கும் ரீட் வால்வைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள். இதழ் சரியாகப் படியாமல் வெளிச்சம் தெரிந்தாலோ, முனையில் உதிர்ந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். உடைந்த துண்டு இஞ்சினுக்குள் போனால் புது போர் வீண். எஞ்சின் நம்பரும் சேஸி நம்பரும் கிராண்டோடு (வண்டிப் பதிவுப் பத்திரம்) ஒத்துப்போகிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். திருட்டுக்கு அதிகம் போகிற மோட்டார் இது.

பாலம்தாண்டி | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு இரவு 9.15

ரீட் பார்த்தோம் அக்கா, ஒரு இதழ் முனை உதிர ஆரம்பிச்சிருந்துச்சு, மாத்தியாச்சு. நம்பர் ரெண்டும் சரி.

எல்லாம் மாட்டி, மூடுறதுக்கு முன்னாடி மறுபடி காத்து ஏத்திப் பார்த்தோம். அஞ்சு நிமிஷம் முள் அசையவே இல்ல. ஸ்டார்ட் பண்ணப்ப முதல்ல ஏமாற்றம்தான். நடு திராட்டல்ல "பப்பப்ப"ன்னு முக்குச்சு, பிளக் கன்னங்கரேல். அந்தப் பெரிய ஜெட் இன்னும் உள்ளே இருந்துச்சு. ஓட்டை அடைஞ்சதும் அந்த எண்ணெய் ஜாஸ்தியாயிடுச்சு. ஸ்டாண்டர்ட் ஜெட், நீடில் கிளிப் நடுக்காடி. இப்ப ஓடவிட்டு கிளச்சைப் பிடிச்சு அப்படியே நிறுத்திப் பிளக்கைக் கழட்டினா பீங்கான் மைலோ தண்ணி மாதிரி பழுப்பு நிறம். திராட்டலை விட்டா ஐடில் உடனே விழுது. கம்ப்ரஷன் 130.

கேஸ் வேலை, போர், சாமான் எல்லாம் சேர்த்து 640 வெள்ளி ஆச்சு. இன்னிக்கு 400 கிலோமீட்டர் முடிஞ்சுது, இன்னும் முழு திராட்டல் குடுக்கல. வீட்டுக்காரியை ஏத்திக்கிட்டு அதே துன் சார்டோன். மூனாவது கியர்ல, பாதி திராட்டல்ல, ஒரு இடத்துலகூட நிக்காம மேல போயிடுச்சு. மேல நிறுத்தி ரெண்டு பேரும் பாலிக் பூலாவ் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு நின்னோம். இஞ்சின் சூட்டுல "டிக் டிக்"னு ஆறுற சத்தம் மட்டும்.

பழையபட்டறை | திங்கள் காலை 6.15

சந்தோஷம் தம்பி. 500 கிலோமீட்டர் ஆனதும் ஒரு ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஹெட் நட்டு நாலையும் டார்க் ரெஞ்ச் வச்சுக் குறுக்கு மறுக்கா இறுக்குங்க. ரெஞ்ச் இல்லன்னா எங்கிட்ட வந்து எடுத்துட்டுப் போங்க.